ஊராட்சித் தேர்தலில் முதன்முறையாக நிற்கும் பெண்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் வார்டு உறுப்பினர் பதவிக்கோ தலைவர் பதவிக்கோ முதல்முறையாகப் போட்டியிட எண்ணும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அந்த ஊராட்சிகளின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்தல் அறிவிப்புக்கும் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்கும் இடையே கிடைப்பது சில நாட்களே என்பதால், கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை அறிவிப்புக்கு முன்பே செய்து முடிப்பது நல்லது.

பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும்தான் நான் நிற்க முடியுமா?

இல்லை. பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதுதான். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதன் வழியில் இயற்றப்பட்டு, 1996இல் முதல் தேர்தல் நடந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பங்கை ஐம்பது விழுக்காடாக உயர்த்தினார்கள். அது நடைமுறையில் வந்தது 2019 தேர்தலில்தான். இந்த ஐம்பது விழுக்காடு என்பது குறைந்த அளவு, மேல் வரம்பு அன்று. "பொது" என்று அறிவிக்கப்பட்ட வார்டிலோ ஊராட்சியிலோ எந்தப் பெண்ணும் போட்டியிடலாம். ஆனால் அங்கே நிற்கிறேன் என்று சொன்னால், "அதுதான் பொம்பளைங்களுக்குத் தனியா ஒதுக்கியிருக்காங்களே" என்ற பேச்சு வரும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

எந்த இடம் யாருக்கு என்பது அரசிதழில் அறிவிக்கப்படும். தமிழ்நாட்டில் இந்தச் சுழற்சி பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. அதாவது பெண்களுக்கான இடமாக இரண்டு முறை இருந்த ஊராட்சி, அதன் பிறகு பொது இடமாகலாம். அப்படி மாறும்போது ஏற்கெனவே பதவியில் இருந்த பெண்ணை, "உங்கள் முறை முடிந்தது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் ஊர்களில் இருக்கிறது. சட்டத்தில் அப்படி எந்த முறையும் கிடையாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கு மூன்று குழந்தைகள். நிற்க முடியுமா?

நிற்கலாம். கல்வித் தகுதி வைத்திருப்பது ஹரியானா போன்ற மாநிலங்கள். தமிழ்நாட்டில் அது இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் இங்கே வரம்பு இல்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 79 வயதில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் வீரம்மாள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 2019 தேர்தலில்தான், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண் ஒருவரும் தலைவரானார்.

தகுதியிழப்புக்கு வழிவகுப்பவை வேறு. ஊராட்சிக்கு வீட்டு வரியோ குடிநீர்க் கட்டணமோ நிலுவை இருந்தால் மனு தள்ளுபடியாகக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. அரசிலோ உள்ளாட்சி அமைப்பிலோ ஊதியம் பெறும் பணியில் இருந்தபடி போட்டியிட முடியாது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். வாக்காளர் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் எந்தப் பெயரில் இருக்க வேண்டும்?

மனுக்கள் தள்ளுபடியாவதும் தகராறுகள் தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்களுக்குப் பிறந்தது முதல் சாகும்வரை ஒரே முகவரி, ஒரே முதலெழுத்து. பெண்ணுக்கோ பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர், வாக்காளர் அட்டையில் இன்னும் பிறந்த ஊர் என்று மூன்று ஆவணங்களில் மூன்று ஆட்களாக அவள் இருப்பாள். உங்கள் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்தால் புகுந்த ஊரில் நீங்கள் வேட்பாளராக முடியாது. முகவரி மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்து, பட்டியல் வெளியானதும் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்ட பெண்கள் இடம் என்றால் சாதிச் சான்றிதழ் தேவை. சாதி பிறப்பால் அமைவது. திருமணத்தால் மாறுவதில்லை என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆகவே சான்றிதழ் உங்கள் பெற்றோரின் சாதியை அடிப்படையாகக் கொண்டதாகவே இருக்கும். வேறு சாதியில் பிறந்து பட்டியல் சாதிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், அந்தத் திருமணத்தைக் காட்டி ஒதுக்கீட்டு இடத்தில் நிற்க முடியாது. இன்னொன்று: தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் ஒதுக்கீடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கே, பிற்படுத்தப்பட்டோருக்கெனத் தனி ஒதுக்கீடு இல்லை.

எவ்வளவு செலவாகும்?

சட்டம் கேட்பது மிகக் குறைவு. 2019, 2021 தேர்தல்களில் வைப்புத்தொகை கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. செலவு உச்சவரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய். அடுத்த தேர்தலுக்கான தொகையை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் கேட்பது வேறு. கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருபவரே தலைவர் என்று பதவியை ஏலம் விடும் ஊர்கள் இருக்கின்றன. அது சட்டத்துக்குப் புறம்பானது. அதைச் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆணையமும் மாவட்ட நிர்வாகங்களும் ஒவ்வொரு தேர்தலிலும் எச்சரிக்கின்றன. ஏலம் நடக்கும் மேடையில் பெரும்பாலும் பெண்கள் இருப்பதில்லை என்பதையும், ஏலத்தில் எடுக்கப்பட்ட பெண்கள் இடத்தில் உட்காரப்போகிறவரைப் பணம் கட்டிய ஆணே முடிவு செய்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ நிற்பவர்களிடம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். கிராம ஊராட்சித் தலைவரின் மாத மதிப்பூதியம் 1,000 ரூபாயாக இருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டுகள் முழுதும் வாங்கினாலும் 1,20,000 ரூபாய். ஐந்து லட்சம் கடன் வாங்கி நின்றவர் அதை எங்கிருந்து அடைப்பார் என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. கடன் கொடுத்தவர் வெற்றிக்குப் பிறகு ஒப்பந்தக்காரராக வந்து நிற்பார்.

கட்சியில் சேர்ந்தால்தான் நிற்க முடியுமா?

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரண்டு பதவிகளுக்கும் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சின்னங்களில் ஒன்று உங்களுக்கு ஒதுக்கப்படும். ஊராட்சி ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும் நடப்பதுதான் கட்சிச் சின்னத்தில் நடக்கும் தேர்தல். கிராமப்புற வாக்காளர் ஒவ்வொருவரும் நான்கு வாக்குச் சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். 2019இல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் எனச் சீட்டுகள் இருந்தன. வயதானவர்களிடம் வாக்குக் கேட்கும்போது சின்னத்தோடு சீட்டின் நிறத்தையும் சொல்லிப் பழக்குங்கள். தலைவருக்கான வாக்கைச் சரியாகக் குத்திவிட்டு உறுப்பினருக்கானதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கட்சிப் பின்னணி இல்லாத பெண்ணுக்கு இந்த அளவிலான தேர்தலில் மகளிர் சுய உதவிக் குழுவும் நூறு நாள் வேலைக்களமும் பெரும் பலம். குழுவில் கணக்கு எழுதியவர், வங்கி மேலாளரிடம் போய்ப் பேசியவர், ரேஷன் கடையில் சரக்கு வராதபோது கேட்டவர் என்ற பெயர் சில நூறு வாக்குகள் உள்ள வார்டில் சுவரொட்டியை விட அதிகம் பேசும். குழுக்களுக்குள்ளும் சாதி உண்டு, போட்டி உண்டு. குழு முழுவதும் உங்கள் பின்னால் வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

வேட்புமனுவை என் வீட்டுக்காரர் நிரப்பித் தரலாமா?

எழுத்து வேலைக்கு யாருடைய உதவியையும் பெறலாம். ஆனால் மனுவோடு தரும் உறுதிமொழியில் உங்கள் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவை உள்ளன. அதில் கையெழுத்திடுபவர் நீங்கள். பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். வீட்டில் என்ன கடன் இருக்கிறது என்பதை இந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் பெண்களும் உண்டு. படிக்கத் தெரியாவிட்டால், ஒருவரை முழுவதும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். பரிசீலனை நாளன்று நேரில் இருங்கள். முன்மொழிபவர் கடைசி நேரத்தில் "நான் கையெழுத்துப் போடவே இல்லை" என்று மறுப்பதும் நடக்கும், நம்பிக்கையானவரைத் தேர்ந்தெடுங்கள்.

வென்ற பிறகு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். அதில் என்ன தவறு?

தமிழ்நாட்டு ஊர்களில் தலைவியின் கணவரைத் "தலைவர்" என்றே அழைக்கிறார்கள். அசல் தலைவரோ "தலைவர் வீட்டம்மா" ஆகிவிடுகிறார். வட மாநிலங்களில் இதற்கு "சர்பஞ்ச் பதி", "பிரதான் பதி" என்று பெயரே உண்டு. இந்தப் பினாமி ஆட்சியை ஆராய ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023இல் ஒரு குழு அமைத்தது.

இதை மானப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதால் பயனில்லை. இதில் இருப்பது பொறுப்பின் சிக்கல். காசோலையில் இருப்பது உங்கள் கையெழுத்து. தணிக்கையில் ஆட்சேபணை எழும்போது கேட்கப்படுவதும் உங்களிடம்தான். மன்றக் கூட்டத்தில் கணவருக்கு இருக்கை இல்லை, பேச்சு இல்லை, வாக்கும் இல்லை. கணவர் உதவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வண்டியோட்டட்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதும், தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து கையெழுத்து வாங்கிப் போவதும் உதவியில் சேராது. இப்போது ஊராட்சிப் பணம் பெரும்பாலும் இணையவழியில் செல்வதால் டிஜிட்டல் கையொப்பமும் கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல்லும் கையெழுத்துக்குச் சமம். அந்தக் கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், கைப்பேசி உங்கள் கையில் இருக்கட்டும்.

தலைவர் தேர்தலில் வென்றாலே போதும் அல்லவா? வார்டு உறுப்பினர்களைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

கிராம ஊராட்சிக் கணக்கைத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாக இயக்குவதுதான் முறை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் மன்ற உறுப்பினர்களுக்குள்ளிருந்து மறைமுகத் தேர்தலில் வருகிறார். எனவே பெண்ணுக்கோ பட்டியல் சாதிப் பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை அடைய முடியாத ஊரின் செல்வாக்குள்ளவர்கள், வார்டு உறுப்பினர்களைக் கையில் போட்டுக்கொண்டு துணைத் தலைவர் பதவியைப் பிடிக்கிறார்கள். பிறகு தெருவிளக்குக்கான சிறு செலவுப் பட்டியலில்கூடத் துணைத் தலைவரின் கையெழுத்து வராது. தண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுது, டேங்க் ஆப்பரேட்டருக்குச் சம்பளம் இல்லை என்று ஊர் தலைவரைத்தான் திட்டும்.

ஆகவே முதன்முறை தலைவர் பதவிக்கு நிற்கும் பெண், தன்னோடு இணைந்து வேலை செய்யக்கூடிய நான்கைந்து பேர் வார்டுகளில் நிற்கிறார்களா என்பதைத் தன் சின்னத்துக்கு இணையாகக் கவனிக்க வேண்டும். வென்ற பிறகும் கையெழுத்து மறுக்கப்பட்டால், எந்தப் பட்டியல், எந்தத் தேதி, எத்தனை நாள் நிலுவை என்று எழுதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுத்து, ஏற்புச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகாருக்குக் கோப்பில் இடமில்லை.

பட்டியல் சாதிப் பெண் தலைவரானால் நாற்காலிகூடக் கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

எல்லா ஊர்களிலும் அப்படி இல்லை. ஆனால் நடந்திருக்கிறது என்பதை மறைப்பதும் நியாயமில்லை. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சியின் பெண் தலைவர் தேசியக் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகிச் சில நாட்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தலைவர் தரையில் அமர்ந்திருந்த படம் வெளிவந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2011 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி கொலைவெறித் தாக்குதலுக்கு உள்ளாகி உயிர் பிழைத்தார்.

இவற்றை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை; சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து அறிய வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளரை மனுத் தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதையும், தேர்ந்தெடுக்கப்பட்டவரை மிரட்டிக் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதையும் தனிக் குற்றங்களாக்கியிருக்கிறது. ஆத்துப்பாக்கத்திலும் தெற்குத்திட்டையிலும் நடவடிக்கையை விரைவுபடுத்தியது வெளியே வந்த செய்தியும் படமும்தான். எனவே இழிவு நடந்த அன்றே எழுதி வையுங்கள். உடனிருந்தவர் யார், எத்தனை மணி, எந்தக் கூட்டம் என்பதோடு.

எனக்கு மேடையில் பேச வராது.

ஊராட்சித் தேர்தலில் மேடை முக்கியமில்லை, வீட்டு வாசல்தான். உண்மையில் பேசத் தெரிய வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். தேர்தலுக்கு முன்பே போய், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் தெருவுக்கான பணி எந்தத் தீர்மானத்தில் இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கீடு, முடிந்ததா? கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெறும் சடங்கு என்று அந்தச் சபையை ஒதுக்குபவர்களுக்கு அரிட்டாபட்டியை நினைவூட்டலாம். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருவதை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றியபோது தலைவராக இருந்தவர், மேலே சொன்ன வீரம்மாள்தான். சுற்றுவட்டார ஊர்களின் போராட்டமும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது.

சட்டமன்றத்துக்கு நேராகப் போக முடியாதா? ஊராட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டும் என்ற விதி இல்லை. வழி குறுகலாக இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னாலும், அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டி வைத்திருக்கிறது. ஒதுக்கீடு ஏற்கெனவே வேலை செய்யும் இடம் உள்ளாட்சி. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையின் முதல் பட்டியல் சாதிப் பெண் மேயராக ஆர். பிரியா வந்ததும் அவ்வழியில்தான், தன் முதல் தேர்தலிலேயே.

தோற்றுவிட்டால் ஊரில் எப்படி முகம் காட்டுவது?

1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நின்ற விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாய் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வீரம்மாளும் முதல் முயற்சியில் வென்றவரல்லர். தோல்வியின் வருத்தத்தில் பலர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு: வென்றாலும் தோற்றாலும், முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த முறை நிற்க முடியாதபடி தகுதியிழப்பு வரலாம். துண்டறிக்கை அச்சிட்ட பட்டியல், ஆட்டோ வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுவையுங்கள். வார்டு வாரியாக உங்களுக்கு விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையையும் வாங்கி அதே உறையில் வையுங்கள். எந்தத் தெரு உங்களுக்கு வாக்களித்தது என்பதை அது காட்டிவிடும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்தத் தெருக்காரர்களை அழைத்துக்கொண்டு போகலாம்.